கல்குவாரியில் ஒரு கரும்பலகை
(நார்த்தாமலையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்குச் சங்கம் புதிதல்ல. சோழர் காலத்தில் 'தெலுங்கு குலகாலபுரம்' என்று பெயர் பெற்ற நார்த்தாமலை, வணிகர் சங்கங்களின் ஊராக இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தக் கல்லை உடைத்துப் பிழைத்தவர்கள் எழுதப் படிக்கக் கற்றதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் கற்றது நாடறிந்த செய்தி. அதே காலத்தில் பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கூலிக்கு நின்றவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியவர்களானார்கள். 100 கன அடி ஒரு யூனிட். லாரியில் ஏறியது எத்தனை யூனிட், வரவேண்டிய பணம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் நட்டம் அவர்களுக்குத்தான். படிப்பின் தேவை வேலையிலிருந்தே வந்தது.

அவை பதிவுபெற்ற தொழிற்சங்கங்கள் அல்ல என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஒரு சங்கம் கல்விக்குச் செய்யக்கூடியதை அவற்றில் காணலாம். முதலாவது, எழுதத் தெரியாது என்பதை முதலாளியிடம் சொல்லக் கூசுகிறவர் கூட வேலை செய்பவரிடம் சொல்வார். இரண்டாவது, வகுப்புக்கு நேரம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் வேலை போகும். சங்கம் கேட்டால் பேச்சுவார்த்தை நடக்கும். மூன்றாவது, எதைக் கற்பது என்பதைத் தொழிலாளரே முடிவு செய்வார்கள். பிரிட்டனில் சங்கத்தின் கற்றல் பிரதிநிதிகளுக்கு ஊதியத்துடன் நேரம் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இதில் நமக்கென்ன வேலை? நம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் அம்மா கைநாட்டு வைத்தால், வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது? புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையங்கள் பல நம் பள்ளிகளிலேயே நடக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் வராததற்கு நேரமும் களைப்பும்தான் காரணம். அங்குள்ள தொழிலாளர் சங்கத்தை ஒருமுறை சந்தியுங்கள். எந்த நேரம், எந்த இடம் என்று அவர்களையே கேளுங்கள். கூலிச் சீட்டையும் நலவாரிய விண்ணப்பத்தையும் பாடமாக்குங்கள். வாரிய உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்பதையும் அந்தப் பாடத்திலேயே சொல்லிவிடலாம்.

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நம்மிடம் இருக்கின்றன. ஆட்களைக் கூட்டும் பலம் சங்கத்திடம் இருக்கிறது. இரண்டும் சேரட்டும்.