ரேஷன் கார்டும் ரயில் டிக்கெட்டும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டில்லி அரசாங்கத்துக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு.

திருநெல்வேலியில் வாங்கிய டிக்கெட் தாதர் வரை செல்லுகிறது. நடுவில் எத்தனை மாநிலம் வந்தாலும் வேறு டிக்கெட் கேட்பாரில்லை. காரணம், ரயில் மத்திய அரசுடையது. ரேஷன் கார்டு அப்படியா இருந்தது? நாம் வண்டி ஏறினோம். நம் பங்கு அரிசி ஊர்க் கடையிலேயே தங்கிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதனால் என்ன நேரும் என்பதை நாடே பார்த்தது. வேலையும் போய், ரேஷனும் இல்லாமல், லட்சக்கணக்கானவர்கள் நடந்தே ஊர் போனார்கள்.

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. மீதி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கெடு விதித்தது. 2022 ஜூனில் நாடு முழுவதும் வந்துவிட்டது. கடையில் கார்டு நம்பரோ ஆதார் நம்பரோ சொல்லி விரல் ரேகை வைத்தால் போதும். இங்கிருப்பவர் தம் பங்கை இங்கே வாங்கலாம். மீதியை ஊரிலிருப்பவர் அங்கே வாங்கலாம். முன்னுரிமைக் கார்டுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் அதற்குக் காசும் கிடையாது. ஊரில் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் மட்டும் இங்கே வராது.

எந்த மாநிலமும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. மத்திய அரசு செய்தது. நல்லதை நல்லது என்போம்.

குறையையும் சொல்ல வேண்டும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டுக்குத்தான் இந்த உரிமை. முன்னுரிமையற்ற அரிசிக் கார்டுக்குத் தமிழ்நாடு அரசு ஊரில் இலவச அரிசி தருகிறது. ஆனால் அந்தக் கார்டு இங்கே செல்லாது. சட்டத்தின் வரம்பு கிராமத்தில் நூற்றுக்கு 75 பேர், நகரத்தில் 50 பேர். அதையும் 2011 ஜனத்தொகையை வைத்தே வகுத்தார்கள். அதன்பின் ஜனங்கள் பெருகியும் வரம்பு பெருகவில்லை. மறுபடி கணக்கிடும்படி உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொன்னது. இ-ஷ்ரமில் பதிந்தும் கார்டு இல்லாதவர்களுக்குக் கார்டு கொடுக்கும்படி 2023 ஏப்ரலிலும் சொன்னது. வரம்பை உயர்த்து என்பதே நம் முதல் கோரிக்கை.

தாய்மார்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கார்டை எடுத்துப் பாருங்கள். 'பி.எச்.எச்.' என்றிருந்தால் இங்கே செல்லும், 'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் செல்லாது. செல்லும் கார்டைக் கடைக்காரர் மறுத்தால் தனியாகச் சண்டை போடாதீர்கள். கடை நம்பர், தேதி, சொன்ன காரணம் மூன்றையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிட அதே சட்டத்தில் வழி இருக்கிறது. மனுவை மராத்தியில் நாங்கள் எழுதித் தருகிறோம்.

பிச்சை கேட்கவில்லை, தோழர்களே. நம் பங்கைக் கேட்கிறோம்.