எந்த இயங்குதளம் நமக்கு ஏற்றது?



கணினி வாங்குவோர் அதன் விலையையும் வடிவத்தையும் பார்க்கின்றனர். உள்ளிருந்து அதனை ஆளும் இயங்குதளத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குச் சேர்ப்பதும், கோப்புகளை உரிய இடத்தில் காப்பதும், மென்பொருள்கள் ஒன்றையொன்று இடறாமல் இயங்கச் செய்வதும் அதன் கடமைகளாம். விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டனுள் எது சிறந்தது என்று மாணவர் பலர் என்னைக் கேட்பதுண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லப் பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு, சுமை ஏற்றிச் செல்ல லாரியும் உண்டு. செல்பவர் யார், கொண்டு செல்வது யாது என்று அறியாமல் 'இதுவே சிறந்தது' என்று கூற இயலுமோ? ஆகவே பயன், எளிமை, செலவு என்னும் மூன்று அளவுகோல்களால் அளந்து பார்ப்போம்.

முதலாவது பயன். கடலூர் முதுநகரில் வணிகம் செய்பவர் ஒருவர் டேலி என்னும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கிறார் எனக் கொள்வோம். அது விண்டோஸுக்கென அமைந்தது. பொறியியல் வரைபடங்களுக்குரிய ஆட்டோகேடும் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. இவர்களுக்கு விண்டோஸே தக்கது. ஆனால், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிரல் எழுதக் கற்கும் மாணவருக்கு லினக்ஸ் நல்ல ஆசான். உலகின் விரைவுமிக்க 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை யாவும் லினக்ஸில் இயங்குவனவே. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. கட்டுரை எழுதவும், கணக்கிடவும், இணையத்தில் படிக்கவும் மட்டும் கணினி வேண்டுவோர்க்கு இரண்டும் போதும்.

இரண்டாவது எளிமை. பழகியதையே எளிது என்கிறோம். எளிமையில் பெரும்பகுதி பழக்கமே. ஆயினும் தமிழ் மாணவர் ஆராய வேண்டிய எளிமை ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறியில் தட்டச்சிட்ட தமிழோ இரண்டு இயங்குதளங்களிலும் பிழையின்றிப் படிக்கக் கிடைக்கும். 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் இரண்டிலும் உண்டு. ஆதலால் ஒருங்குறியில் எழுதப் பழகியவர், நாளை இயங்குதளத்தை மாற்றினாலும் தம் எழுத்தை இழக்கமாட்டார்.

மூன்றாவது செலவு. விண்டோஸின் விலை பெரும்பாலும் கணினியின் விலைக்குள் மறைந்து வருகிறது. லினக்ஸுக்கு விலையில்லை. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதன் உட்கருவை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் இவ்வுரிமையைக் கொண்டே பாஸ் லினக்ஸை உருவாக்கியது. எனினும் விலையின்மை செலவின்மை ஆகாது. கற்கும் நேரமும், இடர் நேர்ந்தால் உதவுவோரைத் தேடும் அலைச்சலும் செலவுகளே. விண்டோஸின் திருட்டுப்படியை ஏற்றிக்கொள்வது சிக்கனமன்று. அதனுடன் தீநிரலும் வந்து புகக்கூடும்.

இனி, நம் வீடுகளில் உள்ள கணினிகளைக் காண்போம். 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் அளித்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருசேர இருந்தன. பலர் லினக்ஸைத் திறந்தும் பாராமல் அழித்துவிட்டதைத் தலைமையாசிரியனாய் இருந்த நாளில் நான் கண்டிருக்கிறேன். 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் புதிய வன்பொருள் வேண்டும். அதனால் பழுதில்லாத கணினிகள் பல பரணுக்குச் சென்றன. தங்கைக்குப் புதுக்கணினி வாங்கப் பெற்றோர் கடன் தேடுகையில், அண்ணனின் மடிக்கணினி பரணிலே தூசு படிந்து கிடப்பது முறையாகுமா?

அத்தகைய கணினிக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்று மறுவாழ்வு தரக்கூடும். முதலில் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா, உங்கள் பாடத்துக்குரிய மென்பொருள் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். நிறைவு தந்தால் நிறுவுங்கள். இல்லையேல் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். இருந்தது இருந்தபடியே இருக்கும்.

விளம்பரம் சொல்வதாலோ, நண்பன் பழிப்பதாலோ ஒன்றை ஏற்கவும் தள்ளவும் வேண்டா. உங்கள் வேலை யாது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பின்னரே பெற்றோரிடம் பணம் கேளுங்கள்.