எஞ்சிய முக்காற்பங்கு

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டிக் காட்டுப்பள்ளியில் ஆங்கில மாலை வகுப்பைத் தொடங்கி வைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இவ்வகுப்பில் ஆங்கிலத்தை எம்முறையில் கற்பிக்கலாம் என்று கூறும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முப்பத்தோராண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன் என்பதே எனக்குள்ள தகுதி. அத்தகுதியைப் பற்றி எனக்கே ஐயம் எழுந்த நாள் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் 78 மதிப்பெண் பெற்றவர். பின்னாளில் இப்பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்தார். ஒருநாள் மாலை மீஞ்சூர்ப் பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மூடிய தொட்டிக்குள் இறங்குவோர்க்கான எச்சரிக்கை அது. உள்ளிருக்கும் காற்றைச் சோதித்தாலன்றி இறங்கலாகாது என்பது அதன் பொருள். நடுவில் ‘அன்லெஸ்’ என்றொரு சொல். “ஐயா, இதன்படி இறங்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். ‘இஃப் நாட்’ என்று வரும் வாக்கியத்தை ‘அன்லெஸ்’ இட்டு மாற்றி எழுதும் வினாவில் அவர் ஒருமுறையும் மதிப்பெண் இழந்ததில்லை. அதைப் பயிற்றுவித்தவன் நான். மாற்றி எழுதக் கற்றுக்கொடுத்தேன்; அச்சொல் ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்துகிறது என்று கற்றுக்கொடுக்கவில்லை.

அன்றிரவு நான் புரட்டிய நூல் ஆங்கில நூலன்று. சமண முனிவராகிய பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, இயற்றிய நன்னூல் அது. எழுத்தும் சொல்லும் பேசும் முன்னர், ஆசிரியன் எத்தகையவன், மாணாக்கன் எத்தகையவன், பாடத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பவற்றை அந்நூலின் பொதுப்பாயிரம் பேசுகிறது. அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. நானோ முப்பத்தோராண்டுகள் அந்த முதற் காற்பங்கையே முழுமையென்று எண்ணியிருந்தேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் நம் மண்ணில் மாறிவந்த வரலாற்றை இக்கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் வியப்பாக இருக்கும். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் செய்ய விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, நீயே இளையோர்க்கு எழுத்தறிவி என்றார். அவன் செய்து காட்டினான். நம் சட்டாம்பிள்ளைதான் அவன்! இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது.

பிறகு நாம் அதை மறந்தோம். தேர்வு வந்தது, இலக்கண விதியும் மொழிபெயர்ப்பும் வந்தன, ரென் மார்ட்டின் வந்தார்கள். அந்த இலக்கண நூலை நான் குறை கூறமாட்டேன். இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. ஆனால் அது மொழி தெரிந்தவனுக்கு ஐயம் தீர்ப்பது. மொழி தெரியாதவனைப் பேச வைப்பதன்று.

1950களின் இறுதியில் சென்னை மாநில அரசு ஒரு பெருமுயற்சியில் இறங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தருவது நோக்கம். சிலர்க்குக் கற்பித்து, அவர்கள் பலர்க்குக் கற்பித்து, அப்பலர் ஊர்தோறும் கற்பிப்பது திட்டம். உருளும் பனிப்பந்து பெருகுவது போல என்று அதற்குப் பெயரிட்டார்கள். பனியையே காணாத நம் ஊரில்! அம்முறையின்படி வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து அரிதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகப் பலமுறை சொல்ல வைப்பார்கள். நான் மாணவனாகவும் ஆசிரியனாகவும் வளர்ந்தது இம்முறையில்தான். ‘திஸ் இஸ் எ புக்’ என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழும்போது வகுப்பு நடக்கிறது என்ற நிறைவு தோன்றும். பவணந்தியார் மாணாக்கரை வகைப்படுத்தும்போது, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளியை இடைத்தரத்தில் வைக்கிறார். கடைத்தரமில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

இதற்கு மாற்றும் தென்னகத்திலேயே எழுந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வகுப்பில் இலக்கணப் பாடமும் இல்லை, கூட்டாக ஒப்புவிப்பதும் இல்லை. இரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, இத்தனை மணிக்குள் அங்கே சேர எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று கேட்பார்கள். ஒன்றை ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசித் தீர்ப்பார். அதே போன்ற இன்னொன்றை மாணவர் தனியே தீர்க்கவேண்டும். விடை சரியா என்பதே மதிப்பீடு. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளே படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்படுகிறது. என் மாணவர்க்கு அந்த எச்சரிக்கைத் தாளையே பாடமாகக் கொடுத்து, இறங்கலாமா கூடாதா என்று கேட்டிருந்தால்?

ஆயினும் ஓரிடத்தில் பிரபுவோடு எனக்கு வழக்கு உண்டு. மாணவர்கள் குழுவாகப் பேசிப் பயில்வதை அவர் பெரிதும் விரும்பவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் பிடித்துக்கொள்வர் என்று அஞ்சினார். அச்சம் நியாயமானதே. ஆனால் பவணந்தியாரின் கணக்கில் அங்கே காற்பங்கு போய்விடுகிறதே! 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை ஒருவர்க்கொருவர் காட்டிக் கற்றபோது, அந்தப் பங்கு திரும்பி வந்தது. 2022இல் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அவரவர் எட்டிய நிலைக்கேற்பப் பிரித்தே கற்பிக்கிறார்கள். இவை சிறுவர்க்கானவை. நம்முன் இருப்போரோ எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவர்கள்.

யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். இக்கடற்கரைக் குப்பங்களின் பிள்ளைகள், பொன்னேரியிலிருந்து வருவோர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்போர். தமிழில் பொருள் சொல்லி நடத்தினால் பாதிப்பேர் வெளியே நிற்பர். தமிழே கூடாது என்றால் மறுபாதிப்பேர் வாய் திறவார். ஆகவே இருமொழியினரை இணையாக அமர்த்துங்கள். இடையில் உள்ள மொழி ஆங்கிலமாக இருந்தே தீரும்.

முதல் மாதத்திற்கு இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டா என்பது என் வேண்டுகோள். நன்கொடையாக வந்திருப்பதாகச் சொன்ன ஐம்பது படிகளும் அலமாரியில் இருக்கட்டும். துறைமுகத்திற்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னர்ப் பெட்டியிலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் உண்டு. ஒருவர் முதுகு காட்டி நின்று அதைப் படிக்கட்டும், மற்றவர் கேட்டு எழுதட்டும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’தான், நம் காதிலும் பலசமயம் அப்படியே. அதனால்தான் வானொலியில் ஒன்றைப் ‘பிராவோ’ என்றும் மற்றதைப் ‘பாப்பா’ என்றும் சொல்கிறார்கள். எழுத்து மாறினால் பெட்டி மாறும்; தவறு உடனே தெரிந்துவிடும், ஆசிரியர் சிவப்பு மை தேடவேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் எச்சரிக்கைப் பலகைகள். மூன்றாம் வாரம் சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு. அவரவர் சட்டைப்பையில் புரியாமல் மடித்து வைத்திருக்கும் தாளே பாடநூல். முதல் மாதம் முடிந்தவர் அடுத்த அணிக்கு வாரம் ஒருநாள் கற்பிக்க வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். தமக்கு ஆங்கிலம் போதாது என்று தயங்குவார்கள். எழும்பூரில் கற்பித்தவனுக்கு எட்டு வயது என்று சொல்லுங்கள்.

நான் சொன்ன அந்த மாணவர் அன்று தொட்டிக்குள் இறங்கவில்லை. இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறார். இன்று மாலைப் பணி முடிந்து வருவதாகக் கூறினார். பின்வரிசையில் இப்போதுதான் வந்து அமர்ந்தார். திங்கட்கிழமை முதல் வகுப்பை அவரே எடுக்கிறார். நான் மாணவர் வரிசையில் இருப்பேன். ஒருவர்க்கொரு தாள் கொண்டு வாருங்கள்.