தேய்மானமும் பொருளாதாரமும்

கணக்காளர் ‘தேய்மானம்’ என்று சொல்வது ஆண்டுதோறும் ஏட்டில் கழிக்கப்படும் ஒரு தொகையை. இயந்திரத்தின் தேய்மானமோ நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. அது எண்ணெயைப் பொறுத்தது.

உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், உருப்பெருக்கியின் கீழ் மேடும் பள்ளமுமாகவே காணப்படும். இரு பரப்புகள் சேரும்போது முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. முழுச் சுமையும் அவற்றின்மேல் விழுவதால் அங்கு உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பரப்பு நகரும்போது ஒட்டு அறுபட்டு, பெரும்பாலும் மென்மையான உலோகத்தின் துணுக்கு மற்றதனுடன் போய்விடுகிறது. இதுவே ஒட்டுத் தேய்மானம். கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கிய இச்செய்தி அவையிலுள்ள பொறியாளர்களுக்குப் பழையது; பொருளாதாரம் பயின்றோர்தாம் இதைப் பொருட்படுத்தியதில்லை. பிரிட்டனில் 1966-இல் வெளியான ஜோஸ்ட் குழு அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் அறிந்து நடந்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சமாகும் என மதிப்பிட்டது. ‘டிரைபாலஜி’ என்ற சொல் பரவியதும் அவ்வறிக்கையால்தான். டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் 1970-களில் இத்துறைக்கென ஒரு மையம் அமைந்தது.

அதே டில்லியின் தெருக்களில் 1990-களில் இப்பிரச்சினை புகை வடிவில் வெளிப்பட்டது. அன்றைய ஆட்டோ ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை ‘டூ-ஸ்ட்ரோக்’ எனப்படும் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. அவ்வகை எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் அடிப்பகுதி வழியாகவே சிலிண்டருக்குள் செல்வதால், எண்ணெயைத் தேக்கிவைக்க அங்கு இடமில்லை. பெட்ரோலிலேயே கலந்தாக வேண்டும். எண்ணெய் குறைந்தால் அலுமினியப் பிஸ்டன் வெப்பத்தில் விரியும். எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பற்றிக்கொள்ளும். வண்டி நடுச்சாலையில் நிற்கும். நாள் வாடகைக்கு வண்டி எடுத்தவருக்கு அன்றைய வருவாயும் போய், வாடகைக் கடனும் மிஞ்சும்.

ஆகவே, 2 அல்லது 3 சதவீதம் போதும் என்றிருந்தும், பல ஓட்டுநர்கள் தாராளமாகவே ஊற்றினர். இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. கூடுதல் எண்ணெய்க்குச் சில ரூபாய். எஞ்சின் பிடித்துக்கொண்டால் பல நாள் கூலி. காப்பீட்டுத் தவணை செலுத்துபவரின் கணக்கும் இதுவே. ஆனால் அளவுக்கு மேற்பட்ட எண்ணெய் தேய்மானத்தை மேலும் குறைப்பதில்லை. அது எரியாமல் புகையாக வெளியேறும். ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும். சில்லறையாக விற்ற எண்ணெயின் தரத்திற்கோ உறுதியில்லை. தவணையை ஓட்டுநர் செலுத்தினார். மீதிச் செலவை அவ்வழியே சென்றவர்களின் நுரையீரல் ஏற்றது.

1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அவ்வாண்டு இறுதிக்குள் இவ்வெண்ணெயின் சில்லறை விற்பனையை நிறுத்தவும், அளவாகக் கலந்து தரும் கருவிகளைப் பெட்ரோல் நிலையங்களில் நிறுவவும் கூறியது. ஊற்றும் கையை நம்பாமல் கருவியிடம் அளவை ஒப்படைத்த இந்த ஏற்பாடு, ஓட்டுநரின் அச்சத்திற்கும் ஊராரின் இருமலுக்கும் ஒருசேர மருந்தாயிற்று. அபராதத்தால் மட்டும் இது கைகூடியிருக்காது.

பிற தடுப்பு முறைகளும் உண்டு: ஒரே உலோகத்தை அதனோடே உரசவிடாமை, குரோமியப் பூச்சு, புது எஞ்சினைச் சில நாள் மெதுவாக ஓட்டிப் பழக்குதல். துருப்பிடிக்கா எஃகு மரையும் அதே எஃகு ஆணியும் முடுக்கும்போதே இறுகிவிடுவதை மெக்கானிக்குகள் அறிவர். நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டியிலிருந்து சுழன்று மீண்டும் அங்கேயே திரும்புகிறது. அங்கு ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை இரண்டு: அளவுகோலின் இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் நிற்கிறதா என்பதும், அதை மாற்றும் நாள் கடந்துவிட்டதா என்பதும்.