உனக்கு எது பொருந்தும் என்று யார் சொல்வது?

(அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுமைக்கேற்ற வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னார்கள். இப்போது செல்போனிலேயே அதற்குச் சோதனை இருக்கிறது. கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா, கருவிகளோடு வேலை செய்யப் பிடிக்குமா என்று கேட்கும். டிக் அடித்தால், நீ இன்ன ரகம், உனக்கு இன்ன வேலை என்று சொல்லிவிடும்.

ஆனால் நம் மண்ணில் இந்தச் சோதனையை நாம் பிறப்பதற்கு முன்பே நடத்தி முடித்துவிட்டார்கள். அதன் பெயர் சாதி. குணத்துக்கும் செயலுக்கும் ஏற்ப நான்கு வருணங்கள் படைக்கப்பட்டதாகக் கீதை சொல்கிறது. ஆக, குணத்துக்கேற்ற தொழில் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. என்ன, கேள்வித்தாளே கொடுக்காமல் பிறந்த தெருவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள்.

1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதிய அண்ணல் அம்பேத்கர் கைவைத்தது இந்த இடத்தில்தான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்தது; அதில் ஒருவருடைய திறமைக்கோ விருப்பத்துக்கோ இடமில்லை என்றார்.

1953இல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார். அடுத்த ஆண்டு, நம் விருதுநகர்க்காரர் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பவழித் தொழில்கள் 18க்குக் கடன், பயிற்சி. 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போகிற வயது அது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024இல் இந்த வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. செருப்புத் தைப்பது இழிவல்ல தோழர்களே. தைக்கிறவர் பிள்ளைதான் தைக்க வேண்டும் என்பதே இழிவு.

இனி என் கதை. திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த ஊர். அப்பா சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பள்ளியில் நான் வாயே திறக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார், "நீ அமைதியான பையன்டா. ஆளுகளோட பேசுற வேலை உனக்குச் சரிப்படாது. கைவேலை எதையாவது கத்துக்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

அந்த அமைதி எங்கிருந்து வந்தது? டீக்கடையில் தள்ளி நின்றவன், ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவன், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கியவன் எப்படி வாய் திறப்பான்? அது என் குணமல்ல, ஊர் எனக்குப் பழக்கிய பயம்.

எங்கள் தெரு அண்ணன்மார் மாலைப் படிப்பகம் நடத்தினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு என்று ஒருநாள் என்னை முன்னால் நிறுத்தினார்கள். கால் நடுங்கியது. பத்தாவது நாள், "போதும்டா, பிள்ளைக வீட்டுக்குப் போகட்டும்" என்று அவர்கள்தான் என்னை நிறுத்த வேண்டியிருந்தது. 22 வருடமாக நான் ஆசிரியர்.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: எந்தச் சோதனையையும் எழுதிப் பாருங்கள். ஆனால் 'பிடிக்காது' என்று டிக் அடிக்கும் முன், 'இதை நான் பார்த்திருக்கிறேனா?' என்று கேளுங்கள். ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளைக்கு ஆராய்ச்சி எப்படிப் பிடிக்கும்?

இரண்டு: போய்ப் பாருங்கள். நீதிமன்றம், வங்கி, அரசு மருத்துவமனை, வேளாண்மை அலுவலகம், விசைத்தறிக் கூடம் எல்லாம் பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கிறவரிடம், "அண்ணே, அக்கா, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.

மூன்று: நமக்குரியதைக் கேட்டு வாங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இது யாரும் போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அப்பாவின் தறிதான் பிடித்திருக்கிறது என்றால், தாராளமாகத் தறியில் உட்காருங்கள். வேண்டாம் என்று எழுந்து போகவும் வழி இருக்கும்போதுதான் அது நீங்கள் தேர்ந்தெடுத்த வேலை. அந்த வழி இல்லாதவரை, அதற்கு என்ன அழகான பெயர் வைத்தாலும் அது குலத்தொழில்தான்.

ஜெய்பீம்.