மூளையின் மடிப்பும் பேச்சும்

முகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மூளையின் மடிப்பும் அப்படித்தான். 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒலியை மட்டுமே சொல்லி வந்த நோயாளி இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார். இடது முன்பகுதியில் சிதைவு. பேச்சுக்கு இடம் அதுவே என்று பாடநூல்கள் படம் வரைந்துவிட்டன. படம் ஒன்று, தலைகள் கோடி.

1968இல் அமெரிக்காவின் கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்தார்கள். கேட்டல் பகுதிக்குப் பின்னால் உள்ள தளம் 65இல் இடப்பக்கம் பெரிது, 11இல் வலப்பக்கம், மீதி 24இல் வேறுபாடில்லை. அதற்கு முன்னுள்ள ஹெஷல் மடிப்பு சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. ஒலியியல் வல்லுநர்களிடம் இடப்பக்க மடிப்பு பிளவுபட்டிருப்பது அதிகம் என்று 2011இல் ஓர் ஆய்வு கண்டது. இம்மடிப்பு தாயின் வயிற்றிலேயே உருவாகிறது; பயிற்சியால் வந்ததென்று சொல்வதற்கில்லை. அதற்காகப் பிள்ளையின் தலையை ஸ்கேன் எடுத்து, மொழி வருமா என்று பார்க்கப் புறப்பட வேண்டாம்!

மூளைக் கட்டியை அகற்றும் மருத்துவருக்குத்தான் இது பெரும் பொறுப்பு. மூளைக்கு வலி தெரியாது. ஆகவே நோயாளியை விழிக்க வைத்து, படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறார். சிறு மின்தூண்டல் கொடுத்த இடத்தில் பேச்சு தடைப்பட்டால் கத்தி அங்கே போகாது. 1989இல் ஓஜ்மன் குழு வெளியிட்ட 117 நோயாளிகளின் பதிவில், அந்த இடங்கள் ஆளுக்கு ஆள் விலகியே நின்றன.