வெளிமான் மந்தையைக் கவனிப்போம்
(வானொலி உரை)

ஆடு மாடு வளர்க்கும் உங்களுக்கு மந்தையைப் பார்த்தவுடனேயே அதன் நலம் விளங்கிவிடும். அந்தக் கண்ணை வெளிமான் மீதும் சற்றுத் திருப்புங்கள்.

வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் 1967-ஆம் ஆண்டு வன உயிரினச் சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கே வெளிமானும் உண்டு, புள்ளிமானும் உண்டு. புள்ளிமானின் கிளைக்கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, திருகி வளரும், விழுவதில்லை. முதிர்ந்த ஆண் கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். பெண் மங்கிய பழுப்பு நிறம், கொம்பில்லை.

வனத்துறையின் அனுமதியுடன் காலை வேளையில் செல்லுங்கள். காற்று மந்தையிலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமாக அசையாது நில்லுங்கள். முதிர்ந்த ஆண், இளம் ஆண், பெண், குட்டி எனத் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் கணக்கு போதாது. ஏனெனில், ஈன்ற புதிதில் தாய் தன் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டு மேயச் செல்லும். தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று எண்ணித் தூக்கி வந்துவிடாதீர்கள். பல நாள் பார்த்தும் குட்டிகள் மிகக் குறைவெனில், மேய்ச்சலிலோ பாதுகாப்பிலோ குறை இருக்கக்கூடும்.

அந்தக் குறைக்கு ஒரு காரணம் சீமைக் கருவேல். வெளிமான் திறந்த வெளியில் கண்ணையும் காலையும் நம்பிப் பிழைப்பது. புதர் மண்டினால் பகை வருவது தெரியாது, புல்லும் குறையும். இக்காய்களைத் தின்னும் ஆடு, மாடு, மான் யாவும் சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. ஆகவே காய் தின்ற கால்நடையைப் புல்வெளியில் விடாதீர்கள். காயை விதையோடு நன்கு அரைத்துத் தீவனத்தில் அளவாகச் சேர்த்தால் விதை முளைக்காது. தீவனச் செலவும் குறையும்.

கோமாரி நோய் மாட்டிலிருந்து மானுக்கும் தொற்றக்கூடும். தவறாமல் தடுப்பூசி போடுங்கள். நாய்களைக் கட்டி வையுங்கள். குட்டிகளுக்கு அவை பெரும் பகை.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. வேட்டையாடினால் சிறைத்தண்டனை உண்டு. ஆயினும் சட்டம் புல்லை வளர்க்காது. சரணாலயத்தின் ஓரத்தில் மாடு மேய்ப்பவர் மனம் வைத்தால்தான் அந்தப் புல்வெளி நிலைக்கும். இன்று நீங்கள் எண்ணும் மந்தையை நாளை உங்கள் பேரக்குழந்தைகளும் எண்ணட்டும்.